சுண்ணாம்புக் கை

இன்று காலையில் எங்கள் தோணிரேவுக் குப்பத்தில் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். இதுவரை படகுத்துறையோடு நின்ற சோதனை இனிமேல் வீட்டுக்குள்ளும் வருமாம். கோட்டையிலிருந்து ஆட்கள் வந்து அடுப்படி, பரண், பானை, படுக்கை எல்லாம் பார்ப்பார்களாம். பார்த்து முடித்த வீட்டு வாசலில் சுண்ணாம்பில் ஒரு கை பதிப்பார்களாம். கை இருந்தால் சுத்தமான வீடு, இல்லாவிட்டால் சந்தேகமான வீடு. எங்கள் குப்பத்தில் முக்கால்வாசி வீட்டுக்குக் கதவே கிடையாது, ஓலைப் படல்தான். கையை எங்கே பதிப்பீர்கள் என்று தமுக்கு அடித்தவனைக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டுச் செங்கேணி வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"வந்து பாக்கட்டுமே பெரீம்மா. நம்ம வூட்ல இன்னா கீது? ரெண்டு சட்டி, ஒரு வலை. ஒளிச்சி வெக்கிறவங்களுக்குத்தான் பேஜாரு."

எனக்குக் கோபம் வந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அவள் வாயிலிருந்து அது வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வாத்தியார் வீட்டுக்கு நேரே நடந்தேன். நான் சொல்வதை எழுதிக்கொள்ளும் என்றேன். அவர் என் பேச்சை ஏட்டு நடைக்கு மாற்றி எழுதுகிறார். மாற்றட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நான் அஞ்சலை. பழவேற்காட்டுக் கோட்டைத் துறையில், சாவடியில், பெண்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். என் புருஷன் வலை இழுத்து இழுத்து இடுப்பு போய்ப் படுத்த வருஷம் சேர்ந்தேன். என் விரல்கள் மடங்காமல் போனபிறகுதான் வேண்டாம் என்று அனுப்பினார்கள். இப்போதும் என் உள்ளங்கையைப் பார்த்தால் கோடை ஏரித்தரை போல வெடித்திருக்கும். அது சுண்ணாம்பு செய்த வேலை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோதனையே கூடாது என்று பேசுகிற ஆள் நான் இல்லை. ஒல்லாந்தருடைய கோட்டையை ஒட்டி வெடிமருந்து அரைக்கும் கொட்டகை உண்டு. அங்கிருந்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடி வெளியே விற்கிறவர்கள் இருந்தார்கள். ஏரிக்கு அக்கரையில் ஒரு குடிசையில் அப்படி ஒளித்து வைத்த மருந்தில் அடுப்புப் பொறி விழுந்தது. அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. பக்கத்துக் குடிசைகளும் போயின. நான் போய்ப் பார்த்தேன். அதைப் பார்த்தவள் எவளும் கூடையைத் தொடாதே, என்னைத் தொடாதே என்று சொல்லமாட்டாள். ஆண்களை ஏற்கெனவே சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மருந்து பெண்களின் இடுப்பில் வெளியே போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பெண்களைத் தொட ஒரு பெண் வேண்டுமென்று என்னை எடுத்தார்கள்.

வேலை இதுதான். ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து பெண்கள் மீன் கூடையோடு படகில் வந்து ஊருக்குள் விற்பார்கள். விற்றுவிட்டுத் திரும்பும்போது சாவடியில் வரிசையாக நிற்பார்கள். நான் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பேன். தலையில் வைக்கும் சும்மாட்டைப் பிசைந்து பார்ப்பேன். பிறகு ஓலைத் தட்டிக்குப் பின்னால் நிறுத்தி, துணிக்கு மேலே கையை ஓட்டுவேன். தேடியது இரண்டே சரக்கு. ஒன்று வெடிமருந்து. மற்றது சாயவேரில் சிவப்பு ஏற்றிய துணி. நெசவுக்காரர்கள் கோட்டையில் முன்பணம் வாங்கிவிட்டு, அந்தத் துணியை வேறு கொடிக் கப்பல்காரர்களுக்குத் தள்ளிவிடுவார்கள். மருந்துப் பை விரலுக்கடியில் கேழ்வரகு போல நழுவும். மடித்த துணிக்கு ஓரம் தெரியும். கொஞ்ச நாளில் கை பழகிவிட்டது.

என்னை எடுத்தவர் நரசப்பர். சாவடி மணியக்காரர், தெலுங்குக்காரர். தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டார். பெண்கள் வரிசையில் நிற்கும்போது அவர் தன் மணையை இழுத்துத் திருப்பிப் போட்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். முதுகுதான் எங்களுக்குத் தெரியும். மழையில் சாரல் முகத்தில் அடித்தாலும் அப்படித்தான். ஒவ்வொருத்தியையும் நான் பார்த்து முடித்ததும் ஒரே கேள்வி கேட்பார். கோட்டைச் சரக்கு உண்டா, இல்லையா? நான் உண்டு அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தால் முதுகைத் திருப்பாமலே இடது கையைத் தூக்குவார். நிறுத்து என்று அர்த்தம்.

அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. கை பார்க்கலாம், கண் பார்க்கக் கூடாது. துணியை அவிழ்க்காதே. சரக்கு என்று கைக்குத் தெரிந்தால் மட்டும், அவளையே எடுத்துத் தரச் சொல். கைக்கு வேறு என்ன தெரிந்தாலும் அது சாவடிக்கு வேண்டாம்.

அந்த விதியை வைத்து எங்களை ஏமாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். ஒருத்தி நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். போன வாரம்தான் அவளைத் தட்டையாகப் பார்த்திருந்தேன். பிள்ளை வயிறு கைக்கு இறுக்கமாகவும் சூடாகவும் இருக்கும். இது தலையணை போல அமுங்கியது. பிரசவம் இங்கேயே ஆகட்டுமா, வீட்டுக்குப் போயா என்று காதில் கேட்டேன். தட்டிக்குப் பின்னால் அவளே முழம் முழமாக உருவித் தந்தாள். உண்டு என்றேன். துணி கோட்டைக்குப் போனது. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் ஊருக்குள் கூடை கொண்டுவரக் கூடாது என்றார்கள். அவளும் தப்பு தன் பேரில்தான் என்று ஒப்புக்கொண்டு போனாள்.

இன்னொருத்தி. பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். முதுகில் கை வைத்ததும் துள்ளினாள். துணிக்கு மேலேயே விரல் விரலாகத் தடிப்பு தெரிந்தது. புருஷன் துடுப்பால் அடித்திருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நரசப்பர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டு, இவளை அடித்துப் போட்டிருக்கிறான் ஐயா, அவனைப் பிடித்து உள்ளே போடச் சொல்லுங்கள் என்றேன். இடது கை மேலே போனது. நான் நிறுத்தவில்லை. அவர் கையை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"கோட்ட குடுத்த கைல தெரிஞ்சிக்கின. அத வெச்சி நாயம் கேக்காத. சாயங்காலம் அவ தெருவுக்குப் போ. பக்கத்து வூட்டுக்காரியா போ. சண்ட போடு. நான் வேணாம்னு சொல்லல."

அன்று அவர்மேல் எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. இருந்தாலும் சாயங்காலம் போனேன். தெருவே கூடும்படி அந்த ஆளைக் கேட்டேன். நாலு பெண்கள் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்தான், பிறகு மறுபடி அடித்தான். நரசப்பர் சொன்னது சரியா என்று அப்போது எனக்கு நிச்சயமில்லை. அவர் போனபிறகு நடந்ததைப் பார்த்துத்தான் விளங்கிற்று.

நரசப்பர் கண் பார்வை மங்கி ஊருக்குப் போனதும், சாவடியைத் தன் கையிலேயே எடுத்துக்கொள்ள இளவயதுத் துரை ஒருவர் வந்தார். கெட்டவர் என்று சொல்லவும் வழியில்லை. சத்தம் போட்டதில்லை, யாரையும் அடித்ததில்லை, பெண்களிடம் முறைகெட்டு நடந்ததில்லை. வெயிலில் நிற்கிறார்களே என்று வரிசைக்குக் கீற்றுப் பந்தல் போட்டுத் தந்தார். குடிக்கத் தண்ணீர்ப் பானை வைத்தார். ஆனால் அவர் மணை வரிசையைப் பார்த்து இருந்தது.

அந்தச் சமயம் ஒரு குப்பத்தில் சாயத்துணி அகப்பட்டது. எங்கள் சாவடியைத் தாண்டிப் போனதா, வேறு வழியில் போனதா என்று யாருக்கும் தெரியாது. துரை என்னைச் சந்தேகிக்கவில்லை என்று, அவர் பேச்சை எங்களுக்குச் சொல்லும் துபாஷி சொன்னார். சந்தேகமே வராதபடி ஒரு ஏற்பாடு செய்யப்போகிறார் என்றும் சொன்னார். அந்த ஏற்பாடுதான் சுண்ணாம்புப் பானை.

ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து என் பக்கத்தில் வைத்தார்கள். ஒவ்வொருத்தியைத் தொடுவதற்கு முன்பும் நான் இரண்டு கையையும் அதில் நனைக்கவேண்டும். அப்போது தொட்ட இடமெல்லாம் துணியில் வெள்ளைக் கை விழும். முதுகில் ஒன்று, இடுப்பில் சுற்றிலும் நாலு. படகடியில் நிற்கும் காவல்காரன் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் ஏற விடுவான். நான் யாரையாவது தொடாமல் விட்டேனா என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும். நான் சொல்லும் உண்டு, இல்லை என்ற சொல்லுக்கு அதோடு வேலை போயிற்று. முதல் வாரமே என் கை வெந்தது. ராத்திரியில் எண்ணெய் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு படுப்பேன்.

பெண்கள் முதலில் சிரித்தார்கள். அஞ்சலைக்கு நாலு கை முளைத்துவிட்டது என்றார்கள். பிறகு குப்பத்து ஆண்கள் அந்தக் கைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். கூடையோடு போனவள் கை இல்லாமல் திரும்பினால், நீ ஊருக்குள் போகவே இல்லையே, எங்கே போனாய் என்று புருஷன் கேட்டான். சுண்ணாம்பு ஈரமாக இருந்தால் இப்போதுதான் வந்தாய், காய்ந்திருந்தால் வந்து வெகுநேரம் ஆயிற்று, நடுவில் எங்கே இருந்தாய்? எங்கள் பெரியதனக்காரர்கள், அதாவது குப்பத்து நியாயம் பேசுகிறவர்கள், இந்த வழக்குகளை எடுத்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். கோட்டை மருந்துக்கும் துணிக்கும் போட்ட கை அது. எங்கள் ஆட்கள் அதை ஒரு சல்லி செலவில்லாமல் தங்கள் பெண்டாட்டிகளைக் காவல் காக்க எடுத்துக்கொண்டார்கள். துரையிடம் துபாஷி மூலம் இதைச் சொன்னேன். அது அவர்கள் வழக்கம், நாம் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது.

இப்போது கன்னியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஏரியில் மீன் விழும் நல்ல இடங்கள் எல்லோருக்கும் போதாது. அதனால் முறை வைத்து இறங்குவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாடு உண்டு. புருஷன் செத்தால் பெண்டாட்டி அவன் பாட்டை வைத்துக்கொள்ளலாம். வேறு ஆளை இறக்கிப் பங்கு வாங்கிப் பிழைக்கலாம். ஆனால் அவள் மறுபடி தாலி கட்டிக்கொண்டால் பாடு செத்தவனுடைய அண்ணன் தம்பிகளுக்குப் போய்விடும். பாட்டோடு பிள்ளையும் போகும். பிள்ளை அந்த வீட்டு ரத்தம், இன்னொருத்தன் வீட்டில் வளரக் கூடாது என்பது எங்கள் கட்டு. மறுதாலி கட்டத் தடையில்லை. பிள்ளையை விட்டுவிட்டுக் கட்டிக்கொள் என்பதுதான் பேச்சு.

கன்னியம்மா எங்கள் தெரு. புருஷனை முகத்துவாரத்துச் சுழல் கொண்டுபோனபோது அவள் பெண் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. சாவடிக்கு என்னிடம் வரும்போது அவள் பேசமாட்டாள், கண்ணை ஏரிப்பக்கம் வைத்துக்கொண்டு நிற்பாள். நரசப்பர் இருந்த காலத்திலேயே ஒரு நாள் அவள் இடுப்பில் என் விரல் ஒரு கயிற்றில் தட்டியது. அரைஞாண் என்று நினைத்தேன். அடுத்த விரல் தாலியின்மேல் பட்டது. என் கை நின்றுவிட்டது. உண்டா, இல்லையா என்று நரசப்பர் கேட்டார். இல்லை என்றேன்.

ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. பிறகு தானாகத் தெரிந்தது, கடலோரக் குப்பத்துக்காரன், கடலுக்குப் போகிறவன். கோயிலில் வைத்து யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கிறான். பெண் கொஞ்சம் வளரட்டும், பிறகு வெளியே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். கழுத்தில் போட முடியாது என்று அவள் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டாள். சாவடிக்கு வரும் நாளில் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களில் எவளும் கேட்கமாட்டாள். ஆம்பிளை கடலில் இருக்கும்போது எங்கள் பெண்கள் கயிற்றைக் கழற்றுவதில்லை. அவன் கிளம்புகிற விடியலில் புது மஞ்சள் அரைத்துக் கயிற்றில் பூசவேண்டும். அவன் கரை ஏறும்வரை அது உடம்பில் இருக்கவேண்டும். ஒரு புருஷனைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் இதில் விளையாடுவாளா?

சுண்ணாம்பு வந்தபிறகு நான் எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். அவள் முறை வரும்போது கையைப் பானையில் பட்டும் படாமலும் நனைப்பேன். கயிறு இருக்கும் இடத்தை விட்டு மேலே வைப்பேன். ஆனால் அன்று துரை எழுந்து வந்து பானையருகிலேயே நின்றார். தட்டியை எடுத்துவிடச் சொன்னார். நன்றாக நனைக்கவில்லை, இன்னும் கீழே, இடுப்பைச் சுற்றி என்று துபாஷி மூலம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நனைத்தேன், வைத்தேன். கூடைத் தண்ணீர் வழிந்து எங்கள் பெண்களின் இடுப்புத் துணி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அன்று விடியலில் பூசிய மஞ்சள் அந்த ஈரத்தில் ஊறியிருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று தமிழச்சி ஒருத்திக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆரத்தி கரைக்காத வீடு எது? அவள் வெள்ளைத் துணியில் நான் வைத்த கை என் கண்ணெதிரே சிவந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அதே நொடியில் விளங்கிவிட்டது.

துரைக்கு மட்டும் வேறு விதமாக விளங்கியது. அவர் கண்ணுக்கு அது சாயவேர்ச் சிவப்பு. உள்ளே புதுத் துணி சுற்றியிருக்கிறாள், சாயம் ஒட்டுகிறது என்று நினைத்தார். காவல்காரர்களைக் கூப்பிட்டார். அந்த நாளில் துணித் திருட்டுக்குக் கோட்டைக்குள் கொண்டுபோனால் திரும்பி வருவது சந்தேகம். கப்பலில் ஏற்றித் தூர தேசத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயம் வெறும் பயமில்லை.

"தொரை இது இன்னான்னு கேக்கறாரு," என்றார் துபாஷி.

"கோட்டைச் சரக்கு இல்ல."

"இல்லாததைக் கேக்கல. இன்னான்னு கேக்கறாரு."

"எனக்குக் குடுத்த வேலை சரக்கு கீதா இல்லையான்னு பாக்கறது. பாத்துட்டேன். இல்ல."

நரசப்பராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, காவல்காரனிடம் கையைக் காட்டினார். உள்ளே கொண்டுபோய் அவிழ்த்துப் பாருங்கள் என்று உத்தரவு. கன்னியம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது. கப்பலில் ஏற்றினாலும் பரவாயில்லை என்று நினைத்தாளா, ஏற்றமாட்டார்கள் என்று நம்பினாளா, எனக்குத் தெரியாது. காவல்காரன் அவள் கையைப் பிடித்தான்.

அப்போது வரிசையிலிருந்து பச்சையம்மா வெளியே வந்தாள். செத்துப்போன புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, கன்னியம்மாவுக்கு ஓரகத்தி.

"சாயம் இல்ல தொரை. மஞ்சா. அவ தாலி கட்டிக்கினு கீறா."

துபாஷி சொன்னதும் துரையின் முகம் தெளிந்துவிட்டது. சந்தோஷப்பட்டார் என்றே சொல்லவேண்டும். துபாஷியிடம் மஞ்சளையும் சுண்ணாம்பையும் ஒரு ஓட்டில் கலந்து காட்டச் சொல்லி, சிவப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். காவல்காரனை விலகச் சொன்னார். இவள்மேல் குற்றமில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வைத்தார். தவறாக நினைத்ததற்கு வருத்தம் என்றும் சொன்னார். கறை பட்ட துணிக்குப் பதிலாகக் கோட்டைக் கிடங்கிலிருந்து ஒரு புதுத் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளைத் துணி. விதவைக்கு என்று பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே குப்பத்தில் பெரியதனக்காரர்கள் உட்கார்ந்தார்கள். விசாரிக்க ஒன்றும் இல்லை, விசாரணை சாவடியிலேயே முடிந்திருந்தது. பாடு அண்ணன் வீட்டுக்கு, பெண் அண்ணன் வீட்டுக்கு என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். நான் அங்கே இருந்தேன்.

பச்சையம்மாவிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன், அவளைக் காப்பாற்றச் சொன்னாயா, பாட்டுக்காகச் சொன்னாயா என்று. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எனக்கே தெரியலக்கா. கப்பல்ல ஏத்திடுவானுங்கன்னுதான் வாயத் தொறந்தேன். தொறக்கும்போதே பாடும் ஞாபகம் வந்துடுச்சி."

நான் அவளை வெறுக்க நினைத்து முடியாமல் போனது அதனால்தான். ஒரு பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தினால் இன்னொரு பெண்ணுக்கு நல்லதாகச் சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது? சொன்னாலும் அழிவு, சொல்லாவிட்டாலும் அழிவு என்று அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவர், தண்ணீர்ப் பானை வைத்த அந்த நல்ல துரை.

கன்னியம்மா கடலோரக் குப்பத்துக்குப் போய்விட்டாள். மீன் விற்கிற சாக்கில் துறைக்கு வந்து, எங்கள் தெருப் பெண்கள் யாராவது குழந்தையைக் கூட்டிவருவார்களா என்று பார்த்து நிற்பாள். பச்சையம்மா இரண்டு முறை கூட்டிவந்தாள். பெரியதனக்காரர்களுக்குத் தெரிந்து அதுவும் நின்றது. கடைசியாக அவள் என் முன்னால் சோதனைக்கு நின்றபோது சொன்னாள்.

"குத்தம் இல்லன்னுட்டாங்கக்கா. குத்தம் இல்லன்னு சொல்லித்தான் எம் பொண்ணப் புடுங்கினாங்க."

அதற்குப் பிறகு அவள் பழவேற்காட்டுக்கு வரவில்லை. வடக்கே தெலுங்குச் சீமைப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி. நான் அந்த வேலையை விடவில்லை. நான் விட்டால் பெரியதனக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய ஒருத்தியைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னிடமே மூன்று நாலு தடவை வந்து, இன்னாரின் மகளைத் தொடும்போது கொஞ்சம் கவனித்துச் சொல் என்று கேட்டவர்கள்தானே. அவர்களுக்கு என்னிடம் கிடைத்த பதிலை வாத்தியார் எழுதமாட்டார்.

இதுவரை நேற்றுச் சொன்னது. மீதியை இன்று சொல்கிறேன்.

இன்று விடிந்ததும் செங்கேணி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷம் கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவராமல் வைத்திருந்தேன். நரசப்பர் விதியைக் காத்தேன் என்று பெருமையும் பட்டிருக்கிறேன். இது சாவடி இல்லை, தெரு, நான் பக்கத்து வீட்டுக்காரி என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நேற்று நீ சொன்னது தப்பு என்று ஆரம்பித்தேன். அவள் ஊதுகுழலை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா தப்பு பெரீம்மா? எங்கம்மா ஒளிச்சா. அதான் மாட்டுனா. எங்க நைனா செத்ததும் வேற ஆளத் தேடிக்கினு, என்ன வுட்டுட்டு ஓடிப்போனா. ஒளிக்காதவளுக்கு இன்னா பயம்?"

கன்னியம்மாவின் பெண்தான் செங்கேணி. பச்சையம்மா வளர்த்தாள், நன்றாகத்தான் வளர்த்தாள். ஆனால் ஓடிப்போனவளின் மகள் என்று குப்பம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

"அவ ஓடலடி," என்றேன். "தாலி கட்டிக்கினது தெரிஞ்சா உன்ன எடுத்துக்குவாங்க. உன்ன வெச்சிக்கத்தான் அத ஒளிச்சா. கப்பல்ல ஏத்தினாலும் பரவால்லன்னு வாயத் தொறக்காம நின்னா. அவ கழுத்துல இருந்து உன் விரல ஒண்ணொண்ணா பிரிச்சாங்க. நான் பாத்தேன்."

பிறகு சுண்ணாம்பு, மஞ்சள், சிவந்த கை எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு அணைந்துபோனது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மத்தியானம் கோட்டை ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். செங்கேணி படலைத் திறந்துவிட்டு வெளியே நின்றாள். அவர்கள் பானைகளை உருட்டினார்கள், பரணைக் கலைத்தார்கள், பாயை உதறினார்கள். ஒன்றும் இல்லை. மரியாதையாகச் சொல்லிக்கொண்டு, வாசல் மண் சுவரில் சுண்ணாம்புக் கையை அழுத்திப் பதித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். என் சுவரிலும் ஒன்று பதித்தார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்கு முன்பே செங்கேணி அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மஞ்சள். தண்ணீரில் கரைத்து ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் வாசல் சுவரில் இருந்த அந்த வெள்ளைக் கையின்மேல் மெதுவாக ஊற்றினாள். அது சிவந்தது. சுவரில் வழிந்து வாசல்வரை இறங்கியது. தெருவில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டியில் கொஞ்சம் மீதி இருந்தது. அதை என்னிடம் நீட்டினாள்.